பழைய புத்தகங்களுக்கு யார் விலை சொல்வது?

கடந்த 2025 நவம்பரில் அமெரிக்க ஏல நிறுவனம் ஒன்று, 1939-ஆம் ஆண்டு வெளியான 'சூப்பர்மேன்' காமிக்ஸ் முதல் இதழின் பிரதி ஒன்றை 91.2 லட்சம் டாலருக்கு விற்றது. நம் கணக்கில் ஏறத்தாழ 80 கோடி ரூபாய். வெளியானபோது அதன் விலை 10 சென்ட். கலிபோர்னியாவில் மறைந்த தம் தாயின் வீட்டுப் பரணில், அட்டைப் பெட்டிக்குள் கிடந்த அந்த இதழை மகன்கள் மூவர் கண்டெடுத்தார்கள் என்பது செய்தியின் சுவையான பகுதி.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் நம் ஊர்ப் பரண்களும் ஒருமுறை தூசி தட்டப்படுவது இயல்பே. தாத்தா சேர்த்த நாவல்கள், பைண்டு செய்த தொடர்கதைகள், அப்பா பள்ளி நாள்களில் வாங்கிய முத்து காமிக்ஸ், அம்புலிமாமா ஆகியவை எவ்வளவு பெறும் என்ற கேள்வி எழுகிறது. விடை பெரும்பாலும் இரண்டு எல்லைகளில் ஒன்றில் போய் நிற்கிறது. ஒன்று, இணையத்தில் யாரோ ஒருவர் எழுதிவைத்த விலையைப் பார்த்து லட்சங்களைக் கற்பனை செய்வது; மற்றொன்று, வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் மொத்தத்தையும் எடைக்குப் போடுவது. இந்த இரு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். பழைய தமிழ் அச்சுப் பொருள்களுக்கு விலை இருக்கிறது; ஆனால், அந்த விலையை நம்பத்தக்க முறையில் சொல்லும் ஏற்பாடு இல்லை.

வாசிப்பில் தோய்ந்த ஒரு தலைமுறை இப்போது எழுபது, எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் வெளியூர்களில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கைமாறவோ காணாமல் போகவோ இருக்கும் தனியார் சேகரிப்புகள் ஏராளம். எனவே இது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் மட்டுமன்று. ஒரு மொழியின் அச்சு வரலாறு எங்கே போய்ச் சேரும் என்பதைப் பற்றியது.

பழமை வேறு, அருமை வேறு

முதலில் களைய வேண்டிய மயக்கம், பழையது எல்லாம் விலையுயர்ந்தது என்பதாகும். விலையைத் தீர்மானிப்பது வயதல்ல; எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டின் விகிதமே. ஐம்பது ஆண்டுப் பழமையான பாடநூல், கலைக்களஞ்சியத் தொகுதி, லட்சக்கணக்கில் அச்சான ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஆகியவற்றைத் தேடுவோர் குறைவு. எஞ்சிய பிரதிகளோ அதிகம். 1812-இல் அச்சான திருக்குறள் முதல் பதிப்புக்கோ, உ.வே.சா. 1887-இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியின் முதல் பதிப்புக்கோ உள்ள நிலை வேறு.

காமிக்ஸுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் தொடக்ககால இதழ்கள் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம், அவற்றை யாரும் பாதுகாக்க நினைக்கவில்லை என்பதே. குழந்தைகள் படித்துக் கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய காகிதச் சேகரிப்பு இயக்கங்களில் எஞ்சியவையும் கரைந்தன. எதிர்மாறான எடுத்துக்காட்டு 1991-இல் வெளியான 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ். எதிர்காலத்தில் விலை ஏறும் என்று நம்பிப் பலர் வாங்கிக் குவித்ததால் அது 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் அது இன்றும் சில டாலருக்கே கிடைக்கிறது. அந்த ஊகச் சந்தை சரிந்ததும், கடன் சுமையும் சேர்ந்து, 1996-இல் மார்வெல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. முதலீடு என்ற நோக்கோடு எல்லாரும் காப்பாற்றும் பொருள் அரிதாவதில்லை. இன்று 'சேகரிப்பாளர் சிறப்புப் பதிப்பு' என்ற அச்சிட்ட அட்டையை நம்பி வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.

தமிழில் தேவையும் தலைமுறையும்

தமிழில் காமிக்ஸ் சேகரிப்புக்கு வலுவான அடித்தளம் உண்டு. சிவகாசியிலிருந்து 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. அதற்கு முன்பே, 1947 முதல் அம்புலிமாமா தமிழ்ச் சிறுவர்களின் கைகளில் இருந்தது. இவற்றைச் சிறுவயதில் படித்தவர்கள் இன்று நாற்பது முதல் எழுபது வயது வரை உள்ளவர்கள். கையில் பணமும் மனத்தில் ஏக்கமும் ஒருசேர இருக்கும் பருவம் அது. சில பழைய இதழ்களுக்கு இப்போது காணப்படும் தேவை இந்தத் தலைமுறையின் தேவை.

இதில் ஒரு பொருளியல் உண்மை மறைந்திருக்கிறது. நினைவேக்கத்தால் எழும் தேவை, நினைவுள்ளவர்களோடு வளர்ந்து அவர்களோடு தேயக்கூடியது. இன்று வாங்குவோராக இருக்கும் அதே தலைமுறை, இருபது ஆண்டுகளில் ஒரே காலத்தில் விற்போராக மாறும். அப்போது வாங்க வேண்டிய இளையோர் இந்தக் கதைகளோடு வளர்ந்தவர்கள் அல்லர். 'வைத்திருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும்' என்பது பொது விதி ஆகாது. ஆய்வு மதிப்புள்ள சிலவற்றுக்கு அது பொருந்தலாம். நினைவேக்க மதிப்பு மட்டுமே உள்ளவற்றுக்குப் பொருந்துவது ஐயமே.

மறுபதிப்புகளும் விலையை மாற்றுகின்றன. பழைய சாகசங்கள் நல்ல தாளில் மறுபடி வெளியாகும்போது, கதையைப் படிக்க விரும்பியவர்கள் சந்தையிலிருந்து விலகிவிடுகிறார்கள். அந்தப் பழைய தாளையே விரும்புகிறவர்கள் மட்டும் எஞ்சுகிறார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமையாக்கப்பட்ட நூல். எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் வந்த பக்கங்கள் மீண்டும் பிறக்கப்போவதில்லை. நாம் விற்பது கதையையா, அந்தக் காலத்துப் பொருளையா என்று பிரித்தறிவது மதிப்பிடுதலின் முதல் படி. விற்பவரிடம் இருப்பது தாள் மட்டுமே, பதிப்புரிமை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய இதழை விற்கலாம். அதை நகலெடுத்து விற்க முடியாது.

மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்

நூலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது அச்சு விவரப் பக்கம். எந்தப் பதிப்பு, எந்த அச்சகம், எந்த ஆண்டு என்பவை அங்கே இருக்கும். பழைய தமிழ் நூல்களில் ஆண்டு அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. 'பார்த்திப' என்று இருந்தால் அது 1885-ஆகவும் இருக்கலாம், 1945-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரும் எழுத்துருவும் தாளும்தான் அதைத் தெளிவாக்கும். இந்த ஒரு வேறுபாட்டில் விலை பல மடங்கு மாறிவிடும்.

அடுத்தது நிலை. அட்டை இருக்கிறதா, பக்கங்கள் முழுமையா, கரையானோ இராமபாணமோ அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காமிக்ஸில் நடுப்பக்கம் கழன்றுபோவதும், கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்பதும், போட்டிக் கூப்பன் வெட்டப்பட்டிருப்பதும் வழக்கம். செய்தித்தாள் காகிதத்தில் இயல்பாகவே அமிலத்தன்மை உருவாகும்; வெளிச்சமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். விற்பதற்குமுன் 'அழகுபடுத்துகிறேன்' என்று செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும், ஓரங்களை வெட்டி நேராக்குவதும் மதிப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கும்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு பொருள் வீட்டில் பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பு. வார இதழ்களிலிருந்து வாரந்தோறும் பக்கங்களைக் கழற்றிச் சேர்த்து, காலிகோ துணியில் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். பைண்டர் ஓரங்களை வெட்டியிருப்பார். இதழின் அட்டை போயிருக்கும். முழு இதழைத் தேடுபவருக்கு இது குறைபட்ட பொருள். ஆனால், கோபுலு, மணியம் போன்றோரின் ஓவியங்களையும், கதைக்கு நடுவே வந்த அக்கால விளம்பரங்களையும் ஆராய்வோருக்கு இது அரிய ஆவணம். ஒரே பொருளுக்கு இருவேறு வாங்குவோர், இருவேறு விலைகள்.

தெரிந்தவரும் தெரியாதவரும்

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஓர் உண்மையை விளக்கியது. பொருளின் தரம் ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்தால், மற்றொரு தரப்பு எல்லாவற்றையும் மட்டமான பொருளாகக் கருதியே விலை சொல்லும்; நல்ல பொருள்கள் சந்தையை விட்டு விலகும். இதற்காகவும் இதையொட்டிய ஆய்வுகளுக்காகவும் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய புத்தகச் சந்தையின் வேடிக்கை, இங்கே அறியாமை இரு பக்கமும் உண்டு என்பதே. வீட்டில் வந்து பார்க்கும் வியாபாரிக்கு எது அரிது என்று தெரியும், விற்பவருக்குத் தெரியாது. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குபவருக்குப் பிரதியின் நிலை தெரியாது, விற்பவருக்குத் தெரியும்.

அமெரிக்கச் சந்தை இதற்கு ஒரு விடை கண்டது. 2000-இல் தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்ற நிறுவனம், கட்டணம் பெற்றுக்கொண்டு காமிக்ஸ் இதழ்களைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, கெட்டியான நெகிழிப் பெட்டகத்தில் முத்திரையிட்டுத் தருகிறது. மேற்சொன்ன சூப்பர்மேன் இதழ் 9.0 பெற்றது. ஏல நிறுவனங்கள் முடிந்த விற்பனைகளின் விலையைப் பொதுவெளியில் வைக்கின்றன. எனவே அங்கே 80 கோடி என்பது ஒருவரின் ஆசை அன்று, பதிவான விலை. தமிழில் நமக்குக் காணக் கிடைப்பவை பெரும்பாலும் கேட்கும் விலைகள். ஒருவர் ஓர் இதழுக்கு 10,000 ரூபாய் என்று எழுதிவைப்பதால் அது 10,000 பெறும் என்று ஆகிவிடாது. யாராவது அதைக் கொடுத்தாரா என்பதே கேள்வி.

வியாபாரி குறைத்துக் கேட்பதெல்லாம் ஏமாற்று என்று கொள்வதும் நியாயமன்று. அவர் கடை வாடகை கொடுக்கிறார். ஒரு நூல் விற்க ஐந்து ஆண்டுகள் ஆகலாம். சில விற்காமலே போகும். அதற்கான கழிவு விலையில் இருக்கவே செய்யும். எது கழிவு, எது சுரண்டல் என்று பிரித்தறிய ஒரு கற்பனைக் கணக்கு உதவும்.

ஒரு வீட்டில் 500 நூல்கள்; எடை 150 கிலோ என்று கொள்வோம். அவற்றில் 20 நூல்கள் தலா 1,000 ரூபாயும், 100 நூல்கள் தலா 100 ரூபாயும், மீதி 380 தலா 10 ரூபாயும் பெறக்கூடியவை என்க. மொத்த மதிப்பு 33,800 ரூபாய். கிலோ 15 ரூபாய் வீதம் எடைக்குப் போட்டால் கிடைப்பது 2,250 ரூபாய். மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு வியாபாரி முழுவதையும் எடுத்தால் ஏறத்தாழ 11,250 ரூபாய். தாமே ஒவ்வொன்றாக விற்றால் 33,800-ஐ நெருங்கலாம்; ஆனால் படம் எடுத்து, விவரம் எழுதி, கட்டி அனுப்பப் பல வார உழைப்பு தேவை. இவற்றைத் தவிர, மிகுதியாக நடக்கும் நான்காவது வழி ஒன்று உண்டு. வந்தவர் அந்த 20 நூல்களை மட்டும் பொறுக்கி, தலா 200 ரூபாய் தந்து, '4,000 ரூபாய் கொடுத்துவிட்டேன்' என்று விடைபெறுவார். மீதி 144 கிலோ எடைக்குப் போகும். 2,160 ரூபாய் கிடைக்கும். ஆக மொத்தம் 6,160 ரூபாய். பொறுக்கவிட்டவர், முழுவதாகக் கொடுத்தவரைவிடக் குறைவாகவே பெறுகிறார். எஞ்சிய 480 நூல்களை இனி எந்த வியாபாரியும் வீடு தேடி வந்து பார்க்கமாட்டார் என்பது கூடுதல் இழப்பு.

ஆகவே 'பொறுக்க விடாதீர்கள். பட்டியலைக் காட்டி முழுமைக்கும் விலை கேளுங்கள். குறைந்தது மூவரிடம் கேளுங்கள்' என்பதே எளிய விதி. பட்டியல் இல்லாதவரிடம் பேரம் பேசும் வலிமையும் இல்லை.

கலைக்காமல் விற்பதன் பயன்

சில சேகரிப்புகளில் முழுமைக்கே தனி மதிப்பு உண்டு. ஓராண்டின் எல்லா இதழ்களும் வரிசையாக இருப்பது, அவற்றின் தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் பெறும். ஆய்வாளருக்கோ அந்த முழுமைதான் எல்லாமும்.

இதற்கு நம் கண்முன் உள்ள சான்று, செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். நூல்களோடு நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என மற்றவர்கள் குப்பை என்று எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அந்தச் சேகரிப்பை அவருடைய குடும்பத்திடமிருந்து சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிவகுத்தது. உதிரியாக விற்கப்பட்டிருந்தால் அந்த நோட்டீஸ்களுக்கு யாரும் பத்து பைசா கொடுத்திருக்கமாட்டார்கள். இன்று தமிழகச் சமூக வரலாற்றை எழுதுவோர் தேடிச் செல்வது அவற்றையுந்தான்.

இதிலிருந்து பெறத்தக்க பாடம், விற்பது துரோகம் அன்று என்பதும் ஆகும். புத்தகத்தை விற்பதா என்ற மனக்கூச்சத்தால் பல குடும்பங்கள் முடிவைத் தள்ளிப்போடுகின்றன. அதற்குள் கரையான் முடிவு செய்துவிடுகிறது. முறையாக விற்கப்பட்ட சேகரிப்பு பிழைத்திருக்கிறது. பாசத்தோடு பூட்டிவைக்கப்பட்ட பல சேகரிப்புகள் மண்ணாகியிருக்கின்றன. மறுபுறம், மறைமலையடிகள் தம் நூல்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விருப்ப முறியில் எழுதிவைத்ததால் அவர் பெயரில் நூலகம் எழுந்தது. விற்பனையோ கொடையோ, முடிவு எடுத்தவர் சேகரித்தவராக இருப்பதே முக்கியம்.

ஓலைச்சுவடிகளும் பழைய கையெழுத்துப் படிகளும் இருப்பின் கூடுதல் எச்சரிக்கை தேவை. 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவது குற்றம்.

அரசும் நூலகங்களும் செய்யத்தக்கவை

'நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்' என்பது எளிதாகச் சொல்லப்படும் அறிவுரை. ஆனால், கொடையும் செலவு வைக்கும் என்பதை நூலகர்கள் அறிவார்கள். பெற்ற ஒவ்வொரு நூலையும் பதிவு செய்ய வேண்டும், பூச்சி நீக்க வேண்டும், இடம் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள நூலின் நாற்பதாவது பிரதியை நூலகம் மறுப்பதில் தவறில்லை. எது தன்னிடம் இல்லாதது என்று சொல்லும் வாய்ப்பே நூலகத்துக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. அதற்கும் பட்டியல் வேண்டும்.

1954-ஆம் ஆண்டு நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஆனால் சட்டத்துக்கு முந்தியவையும், சிறு அச்சகங்களில் அச்சான கதைப் பாடல்களும், சிறுவர் இதழ்களும் முழுமையாக வந்து சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்பும் பொருள்கள் இப்போது தனியார் பரண்களில்தான் இருக்கின்றன.

மூன்று நடவடிக்கைகள் பெரும் செலவின்றிச் சாத்தியமானவை. முதலாவது, மாவட்ட மைய நூலகங்களில் மாதத்தில் ஒரு நாள், பழைய நூல்களை அடையாளம் காட்டும் வல்லுநர் அமர்வு. விலை சொல்ல வேண்டியதில்லை. இது முதல் பதிப்பு, இது பொதுநூலகங்களில் இல்லாதது என்று சொன்னாலே போதும். தகவல் இடைவெளியின் பாதி குறையும். இரண்டாவது, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களுக்கு, அரிய சேகரிப்புகளை நியாய விலையில் முழுமையாக வாங்க ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி. மூன்றாவது, விற்கப்படும் அரிய இதழ்களைப் பதிப்புரிமைக்கு உட்பட்டு முன்கூட்டியே மின்வருடிப் பாதுகாக்கும் ஏற்பாடு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இதற்கு ஏற்ற களம். பொருள் யாரிடம் போனாலும் அதன் உருவம் பொதுவில் எஞ்சும்.

இவை நடக்கும்வரை ஒவ்வொரு சேகரிப்பாளரும் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, நிலை, எங்கே எப்போது வாங்கியது ஆகிய ஆறு விவரங்களை எழுதிவைப்பதே அது. ஒரு நாளைக்கு பத்து நூல்கள் எழுதினால் 500 நூல்களுக்கு ஐம்பது நாள்கள் போதும். எவற்றை விற்கலாம், எவற்றை நூலகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம், எவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு குறிப்பு இருந்தால், பின்னால் வருபவர்களுக்கு ஊகிக்க வேண்டிய அவசியம் இராது.

சேகரித்தவரின் நினைவில் மட்டும் இருக்கும் அறிவு அவரோடு போய்விடுகிறது. அதன்பின் எஞ்சுவது எடைக்கான காகிதமே. நம்மிடையே சூப்பர்மேன் இதழ்கள் கிடைக்கப்போவதில்லை. ஆனால், வேறெங்கும் இல்லாத ஒரு தமிழ் இதழின் கடைசிப் பிரதி, எந்த வீட்டிலும் இன்று கிடக்கக்கூடும். அதைக் காப்பாற்ற கோடி ரூபாய் தேவையில்லை. அது இன்னதென்று எழுதிவைக்க ஒருவர் தேவை.